ஒகேனக்கல் படம் ஏன் நின்றது, புளிப் படம் ஏன் ஓடுகிறது?

பென்னாகரம் பக்கம் கல்யாண வேலை பார்க்கும் ஒரு போட்டோகிராபரின் கேள்வி இது: "2019 முதல் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் என்ற படம் விற்கும் இணையதளங்கள் இரண்டிலும் படம் ஏற்றி வருகிறேன். ஒகேனக்கல் அருவிப் படங்கள் முதல் வருடம் நன்றாகப் போயின, இப்போது தூங்குகின்றன. அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டும் படத்தைச் சும்மா எடுத்து ஏற்றினேன், அது இன்னும் மாதம் தவறாமல் விற்கிறது. இது என்ன கணக்கு? ஓடாத பழைய படங்களை நீக்கிவிடலாமா?"

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பல வருடமாக இப்படி இணையத்தில் படம் விற்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் ஓர் இடம். புளி தட்டுவது ஒரு வேலை. இடத்தைப் படம் எடுக்க அங்கே வந்துபோகிற எல்லோரிடமும் கேமரா இருக்கிறது, ஆனால் அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை சிலருக்குத்தான். வேலையின் படத்தில் இது அப்படியே தலைகீழ். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதுதான். மீதிப் பாதி, நீங்கள் எந்த எண்ணைப் பார்த்து "நின்றுவிட்டது" என்று முடிவு செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

டாலர் கணக்கைப் பார்த்து ஒரு படத்தின் வயதை எடை போடக் கூடாது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் மாதம் விற்பனைப் பணத்தில் நமக்குப் பங்கு கொடுக்கும் முறையையே மாற்றியது. அதற்கு முன் சந்தாக்காரர் ஒருவர் உங்கள் படத்தை இறக்கினால் புதியவருக்கும் 25 சென்ட் உறுதி. மாற்றத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 10 சென்ட். அதாவது 2020 மார்ச்சில் 25 சென்ட் தந்த அதே படம், அதே மாதிரி விற்பனைக்கு ஜூலையில் 10 சென்ட் தந்திருக்கலாம். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பங்கீடுதான் மாறியது. இன்னொன்று, அங்கே நிலைகள் உண்டு: வருடத்தில் முதல் 100 டவுன்லோட் வரை 15 சதவீதம், அப்புறம் படிப்படியாக ஏறி 25,000-ஐத் தாண்டினால் 40 சதவீதம். ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கு இறங்க வேண்டும். பொங்கல் சமயத்தில் "எல்லாம் படுத்துவிட்டதே" என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரூபாயில் பார்த்தால் ஏமாற்றம் எதிர்ப்பக்கம் நடக்கும். 2017 கடைசியில் ஒரு டாலர் 64 ரூபாயை ஒட்டி இருந்தது, 2024-ல் 83-ஐத் தாண்டிவிட்டது. விற்பனை கூடாமலே வங்கிக் கணக்கில் தொகை கூடியதுபோல் தெரியும். எனவே டவுன்லோட் எண்ணிக்கையை மட்டும் எடுத்து, படம் வாரியாக, வருடம் வாரியாக ஓர் எக்செல் தாளில் போடுங்கள். அடோபியில் படத்துக்கு 33 சதவீதம் என்ற பங்கு பல வருடமாக மாறவில்லை. அதனால் அந்தத் தளத்தின் கணக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் நம்பகமானது.

இந்தத் தாளைப் போட்டபிறகும் ஒகேனக்கல் கீழே போகிறது என்றால், சரி, அது உண்மையிலேயே கீழேதான் போகிறது. காரணம் இரண்டு.

முதலாவது, கூட்டம். 2016 முடிவில் ஷட்டர்ஸ்டாக்கில் 11 கோடிப் படங்களுக்கு மேல் இருந்தன. 2019 முடிவில் 31 கோடிக்கு மேல். மூன்றே வருடத்தில் கடை ஏறக்குறைய மூன்று மடங்கு. வாங்குபவர்கள் மூன்று மடங்கு ஆகவில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் உங்கள் பங்கு தானாகவே சுருங்கும்.

இரண்டாவது, தேடலில் கிடைக்கும் இடம். புதிதாக ஏறும் படத்துக்குத் தளங்கள் தொடக்கத்தில் கொஞ்சம் முன்வரிசை கொடுக்கின்றன, புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் விருந்துபோல. அந்த நாட்களில் சில டவுன்லோட் விழுந்துவிட்டால் படம் முன்பக்கத்திலேயே நிலைத்துவிடும். விழாவிட்டால் பின்னால் போய்விடும், பின்னால் போன படத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததால் விற்பதும் இல்லை. உங்கள் அருவிப் படங்கள் முதல் வருடம் விற்றது இந்த விருந்தில்தான். அதன்பிறகு பெங்களூருவிலிருந்து சனிக்கிழமைதோறும் கேமராவோடு வந்து இறங்குகிறவர்களின் புதுப் படங்கள் உங்களுடையதைத் தள்ளிவிட்டன. அதே பாறை, அதே பரிசல், அதே கோணம். வாங்குபவருக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான், முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்கிறார்.

வாங்குபவர் யார் என்று யோசித்தால் இன்னும் தெளிவாகும். ஒகேனக்கல் அருவிப் படம் யாருக்குத் தேவை? சுற்றுலா நிறுவனம், பயணக் கட்டுரை எழுதும் இணையதளம், எப்போதாவது ஒரு பத்திரிகை. அவ்வளவுதான். "அருவி" என்று மட்டும் தேடுகிற அமெரிக்க வடிவமைப்பாளருக்கு ஐஸ்லாந்தும் நயாகராவும் முன்னால் வந்து நிற்கின்றன.

புளிப் படத்துக்கு வாருங்கள். அதை வாங்குபவர் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பே இல்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர், மசாலாப் பொட்டலத்துக்கு அட்டை வடிவமைப்பவர், கிராமத்துப் பெண்களின் கூலி பற்றி அறிக்கை போடும் தொண்டு நிறுவனம், பள்ளிப் பாடநூல் பதிப்பகம், நாட்டு மருந்துப் பக்கம் நடத்துகிறவர் என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருகிறார்கள். ஒருவர் குறைந்தாலும் இன்னொருவர் இருக்கிறார். மறுபக்கம், புளி உலுக்குவதையும், ஓடு தட்டுவதையும், கொட்டை எடுப்பதையும் ஒழுங்காகப் படமெடுத்து ஏற்றியவர்கள் மிகக் குறைவு. நம் பக்கம் தை, மாசி மாதங்களில் தெருவுக்குத் தெரு நடக்கிற வேலை என்பதால் நமக்கு அது படமாகவே தெரிவதில்லை. வெளியூர்க்காரருக்கோ அது நடக்கும் நாளும் தெரியாது, திண்ணையும் தெரியாது.

அந்தப் படத்தில் இன்னொன்றும் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கை, புளி, தரை, ஒரு கட்டை. எந்த வருடம் எடுத்தது என்று காட்டிக்கொடுக்கும் பொருள் எதுவும் இல்லை. ஸ்டாக் படத்தை, அதாவது இப்படித் தளத்தில் விற்கும் படத்தை, முதுமையாக்குவது பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும் சாமான்தான்: மேசைமேல் ஒரு பழைய மாடல் கைபேசி, பின்னால் நிற்கும் ஸ்கூட்டர், சுவரில் நாட்காட்டி, பெட்ரோல் பங்க்கில் விலைப் பலகை. இவை வந்துவிட்டால் நாலைந்து வருடத்தில் படம் "பழசு" என்று முகத்திலேயே எழுதி ஒட்டியதாகிவிடும். எடுக்கும்போதே அந்தச் சாமானை நகர்த்தி வைத்தால் படத்தின் ஆயுள் கூடும். நான் கொடுக்கக்கூடிய ஆலோசனைகளில் காசு செலவில்லாதது இது.

அம்மாவிடம் மாடல் ரிலீஸில், அதாவது படத்தில் இருப்பவர் தரும் சம்மதத் தாளில், கையெழுத்து வாங்கித்தானே ஏற்றினீர்கள்? முகம் தெரிகிற படமாக இருந்தால் சொந்த அம்மாவாக இருந்தாலும் அது வேண்டும். கையெழுத்து இருந்தால் கமர்ஷியல், அதாவது பொட்டலத்திலும் விளம்பரத்திலும் போடலாம். இல்லாவிட்டால் எடிட்டோரியல் மட்டும், செய்திக்கும் பாடநூலுக்கும்தான் ஆகும். வாங்கும் ஆட்களில் பெரும்பகுதி அங்கேயே கழன்றுவிடுகிறது. நம் ஊரில் தாளில் கையெழுத்து என்றதும் நிலத்தை எழுதி வாங்குகிறார்களோ என்று பயப்படுவார்கள். நான் முதலில் படத்தைக் காட்டிவிட்டு, இது எங்கெங்கே வரலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பிரிண்டும் கொடுத்துவிட்டுத்தான் தாளை நீட்டுவேன். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கை மட்டும் இருக்கும் படங்கள் மோசமாக விற்பதில்லை.

இதெல்லாம் சொன்னாலும் வேலைப் படங்களுக்கு ஒரு குணம் உண்டு: தாமதமாகத்தான் கிளம்பும். அருவிப் படம் ஏற்றிய மாதத்திலேயே விற்கும், வேலைப் படம் பல மாதம் சத்தமில்லாமல் கிடக்கும். முதல் டவுன்லோட் விழுவதற்குள் பலர் "இந்த மாதிரி ஓடாது" என்று அந்த வழியையே விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் முழுதாகப் போகாமல் எந்தப் படத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, வருடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் படங்கள். பொங்கல் பானை, ஆடிப்பெருக்கு, கிருஷ்ணகிரி மாங்காய், ஓசூர் ரோஜா. இவற்றில் பலர் கோட்டைவிடுவது தேதியில். பொங்கலன்று எடுத்த படத்தை அன்றே ஏற்றினால் அந்த வருடப் பொங்கலுக்கு அது செய்திப் படம் மட்டும்தான். அட்டை, வாழ்த்து, விளம்பரம் செய்கிறவர்கள் நவம்பரிலேயே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஓசூர் பசுமைக்குடில் ரோஜாக்கள் பிப்ரவரி 14-க்காகச் சனவரிக் கடைசியிலிருந்து பெட்டி கட்டப்படுகின்றன, ஆனால் ரோஜாப் படம் வேண்டுகிறவர் டிசம்பரிலேயே தேடி முடித்திருப்பார். ஆக, இந்த வருடம் எடுப்பது அடுத்த வருடத்துக்கு. மாங்காயும் அப்படியே: ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை எடுத்ததை நிதானமாகக் கீவேர்ட் (தேடுசொல்) போட்டு ஏற்றி வைத்தால், அடுத்த கோடையில் வேலை செய்யும். பருவப் படங்களின் வரைபடம் ஒவ்வொரு வருடமும் ஒரு மேடு காட்டும். மேடு வருடாவருடம் கொஞ்சம் தணியும், ஆனால் அடியோடு காணாமல் போகாது.

மாங்காயில் ஒரு சின்ன விஷயம். தட்டில் வைத்த மாம்பழம் உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூரா ரகம் லாரி லாரியாக மாங்கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டுகிறதே, அந்த மாதிரிப் படங்கள் சொற்பம். உணவுத் தொழில் பற்றி எழுதுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஆலைக்குள் எடுக்க அனுமதியும், கட்டட உரிமையாளரின் கையெழுத்தும் தேவைப்படும். வெளியே சாலையில் நின்று எடுத்தால் பெயர்ப்பலகை விழாமல் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வகை: செத்துவிட்டது என்று நினைத்த படம் திடீரென்று எழுந்து உட்காரும். பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் தக்காளிக் கூடைகளை எடுத்தவர்கள் பலர். சாதாரண நாளில் அது யாருக்கும் வேண்டாம். 2023 ஜூன், ஜூலையில் நாடு முழுக்கத் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சந்தை, ஏலம், கூடை சுமக்கும் ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். விலை இறங்கியதும் போய்விட்டார்கள். மறுபடி ஏறும்போது மறுபடி வருவார்கள். இந்த மாதிரிப் படத்தை மாதக் கணக்கில் அளந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சிலதை முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டத்துக்கே உரிய உதாரணம் சிறுதானியம். 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை 2021 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கேழ்வரகும் சாமையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் விளைகின்றன. கதிர், அறுவடை, களம், தூற்றுவது, களி கிண்டுவது என்று அப்போதே எடுத்து வைத்தவர்களுக்கு 2022 கடைசியிலிருந்து நல்ல ஓட்டம். என்னிடம் இருந்தவை அந்த வருடம் முழுக்கப் போயின, 2024-ல் தணிந்தன, ஆனால் பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. சர்க்கரை நோய், உணவுப் பழக்கம் என்று எழுதுகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஐ.நா. எந்த வருடத்தை எதற்கு அறிவிக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஒகேனக்கல்லிலும் இந்த வகை உண்டு. கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறக்கும் ஆடி மாதத்தில் பாறையெல்லாம் மூழ்கி, பரிசல் போக்குவரத்து தடை செய்யப்பட்டு, ஆறு செம்மண் நிறத்தில் போகிறதே, அந்த வெள்ளப் படம் எடிட்டோரியலாக ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் அசையும். சுற்றுலாப் படம் எடுக்கிறவர்கள் அந்த நாட்களில் வருவதில்லை. அதேபோல மூங்கில் பிளாச்சு பின்னிப் பரிசல் கட்டுவது, அடியில் தார் பூசுவது, கரையில் மீன் வறுப்பது. இடம் உங்களுடையதே, அதற்குள் இருக்கும் வேலையை எடுங்கள் என்கிறேன்.

நிஜமாகவே காலாவதியாகும் படங்களும் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், சேமிப்பு, சம்பளம், வங்கி என்று எதற்கும் பயன்பட்டுக்கொண்டிருந்த நோட்டுப் படங்கள் அத்தனையும் ஒரே ராத்திரியில் வரலாறாகிவிட்டன. அடுத்து வந்த 2000 ரூபாய் நோட்டுப் படங்களுக்கும் அதே கதி: 2023 மே 19-ல் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2020-ல் முகக்கவசம் போட்ட எந்தப் படமும் விற்றது, இன்று அவற்றைத் தேடுவார் இல்லை. இப்படிப்பட்டவற்றை எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். சூடாக இருக்கும்போது எடுங்கள், உடனே ஏற்றுங்கள், அதிலிருந்து ஓய்வூதியம் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

வரலாறாகிவிட்ட படத்துக்கு வேறொரு கடை பொருந்தும். 1999-ல் பிரிட்டனில் தொடங்கிய அலமியில் விற்பனை அரிது, ஆனால் ஒரு விற்பனையின் விலை சந்தாத் தளங்களைவிடப் பொதுவாகப் பல மடங்கு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்தித்தாள்களும் பதிப்பகங்களும். செல்லாத நோட்டு, மூடிய திரையரங்கு, இடித்துவிட்ட பேருந்து நிலையம் எல்லாம் அங்கே வயதாக ஆகத்தான் மதிப்புப் பெறும். வேறெங்கும் இல்லாத படம் என்றால் முதலில் அங்கே வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து அவற்றை ஏற்கத் தொடங்கியது. அதன்பின் அடி வாங்கியவை வெள்ளைப் பின்னணியில் ஒற்றைத் தக்காளி, கை குலுக்கல், மேசைமேல் மடிக்கணினி மாதிரியான பொதுப் படங்கள். ஒருகாலத்தில் பத்து வருடம் விற்கும் என்று நம்பிய வகையே அதுதான். புளி தட்டும் படத்தையும் இயந்திரம் வரையும், ஆனால் கட்டையைப் பிடிக்கும் விதமும் ஓடு உடையும் விதமும் தவறாக இருக்கும். விஷயம் தெரிந்த வாங்குபவர் அதை எடுக்கமாட்டார். பாடநூலும் செய்தியும் உண்மையில் நடந்ததைத்தான் கேட்கும். நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இது பாதகம் இல்லை என்பதே என் எண்ணம்.

அடுத்து என்ன எடுப்பது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது பட்டுக்கூடு. தர்மபுரியில் கூட்டுக்கென்று அங்காடியே இருக்கிறது, சுற்றிலும் மல்பெரி வயல். புழு நான்கு முறை தோல் உரித்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் கூடு கட்டும். ஒரே வீட்டில் அனுமதி வாங்கி, முட்டை முதல் சந்திரிகையில் (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டில்) கூடு நிறைவது வரை ஒரே வெளிச்சத்தில் எடுத்தால், உயிரியல் பாடப்புத்தகம் இருக்கும் வரை அதற்கு வேலை இருக்கும். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மூன்று படம் போதும். ஒரே மாதிரி நாற்பது படம் ஏற்றினால் டவுன்லோட் நாற்பதாகச் சிதறும், ஒன்றுகூட முன்பக்கம் ஏறாது. உங்கள் ஒகேனக்கல் ஆல்பத்திலும் இது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். கீவேர்டை வரிசைப்படுத்துவதும் முக்கியம். அடோபியில் 49 வரை போடலாம், முதல் பத்துக்குத்தான் கூடுதல் எடை. முதல் பத்தில் "தர்மபுரி" வேண்டாம், செயலையும் பொருளையும் வையுங்கள். ஊர்ப் பெயர் பின்னால் வரட்டும்.

இனி, நீக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம். பழைய படம் அங்கே கிடப்பதற்கு உங்களுக்கு வாடகை இல்லை, நீக்கிவிட்டு அதையே மறுபடி ஏற்றினால் இதுவரை விழுந்த டவுன்லோட் வரலாறு அழிந்துபோகும். ஒரே காட்சியில் பல படம் இருந்தால் மட்டும், ஒருமுறைகூட விற்காத இரட்டைகளை எடுத்துவிடுங்கள். ஓரளவு விற்று நின்றதற்குத் தலைப்பையும் முதல் பத்து கீவேர்டையும் மாற்றி ஆறு மாதம் பாருங்கள். வெள்ளக் காலப் படங்கள் இருந்தால் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம், டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து நிரப்பியிருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் நடந்த விற்பனைக்கு அந்தப் படிவம் இல்லாவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள், இருந்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15. அந்தப் படிவம் மூன்று வருடம்போல் கழித்துக் காலாவதியாகும், நீங்கள் 2019-ல் போட்டது இப்போது செல்லுபடியாகாது.